மலையெங்கும் ஒரு குரல்

ரித்விக் கட்டக்கின் 'மேகே தாக்க தாரா' (1960) படத்தை முதல்முறை பார்ப்பவர் பாதியிலேயே நெளிய ஆரம்பித்துவிடுவார். துயரத்தை அத்தனை தாராளமாகக் கொட்டியிருக்கிறார் கட்டக். பிரிவினையில் வீடிழந்து, கல்கத்தாவின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் அகதிக் குடும்பம். மகள் நீதாவின் சம்பாத்தியத்தில்தான் உலை கொதிக்கிறது. அப்பா முடங்கிப்போகிறார். ஆலை வேலைக்குப் போன தம்பி விபத்தில் சிக்குகிறான். காதலன் சனத் அவளை விட்டுவிட்டுத் தங்கை கீதாவைக் கட்டிக்கொள்கிறான். கடைசியில் காசநோய் வேறு. நம் சபா நாடகத்தில்கூட இவ்வளவையும் ஒருத்தி தலையில் ஏற்றமாட்டார்கள். சனத்தின் இடத்திலிருந்து நீதா படியிறங்கி வரும்போது பின்னணியில் சாட்டையடிச் சத்தம் கேட்கிறது. நீதாவாக நடித்த சுப்ரியா சௌத்ரியின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு சாட்டை எதற்கு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சல் ஷில்லாங் காட்சியில் காணாமல் போகிறது.

மலைமேல் இருக்கும் காசநோய் மருத்துவமனை. பாட்டே கதியென்று திரிந்து வீட்டில் ஏச்சு வாங்கிய அண்ணன் சங்கர், இப்போது பேர்பெற்ற பாடகன், தங்கையைப் பார்க்க வந்திருக்கிறான். அவளைத் தேற்றுவதாக நினைத்து வீட்டுக் கதை பேசுகிறான். வீடு மாடி வீடாகிவிட்டது, கீதாவின் குழந்தை ஒரு இடத்தில் நிற்பதில்லை, படியேறி ஓடுகிறான். பேச்சென்னவோ சாதாரணப் பேச்சு. ஆனால் அந்த மாடியும் அந்தக் குழந்தையும் யாருக்குக் கிடைத்திருக்க வேண்டியவை என்று பார்க்கிற நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பேசுகிற அண்ணனுக்குத்தான் உறைக்கவில்லை. அப்போதுதான் நீதா உடைகிறாள். நான் வாழத்தான் ஆசைப்பட்டேன் என்று அண்ணனைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள்.

இரண்டு மணி நேரமாகத் தனக்கென்று எதுவும் கேட்காதவள் அவள். மாதச் சம்பளத்தை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுச் சிரித்தவள். முன்பே ஒரு இடத்தில் அழுது தீர்த்திருந்தால் இந்தக் கதறலுக்கு இந்த வலு வந்திருக்காது. அதுவரை சேர்த்துவைத்த துயரமெல்லாம் இதற்கான முதலீடு என்பது அப்போதுதான் புரிகிறது.

இங்கே கட்டக் செய்வதைக் கவனியுங்கள். அழுகிற முகத்தையே பிடித்துக்கொண்டு நிற்க எந்த இயக்குநருக்கும் ஆசை வரும். அவரோ காமிராவை மலைகள்மேல் சுழலவிடுகிறார். குரல் மட்டும் மோதி மோதி எதிரொலிக்கிறது. ஆள் மலைக்குள் கரைந்துபோகிறாள். மலைக்குப் போக வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சின்ன வயதில் அண்ணனோடு மலைப்பக்கம் எடுத்த புகைப்படத்தைப் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தவள். படத்தில் அவ்வப்போது ஒலிக்கும் உமா பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துர்கை பிறந்த வீட்டுக்கு வந்து திரும்புவதைப் பற்றிய வங்காளத்து வழக்கப் பாட்டு அது. அந்த மலைமகள் புருஷன் வீட்டுக்குப் போகிறாள். இந்த மகள் மலைக்குப் போவது சாக.

சாதாரண இயக்குநர் இங்கே 'முற்றும்' போட்டிருப்பார். படத்தைக் காப்பாற்றுவது அதற்குப் பிறகு வரும் சின்னத் துண்டுதான். சங்கர் அகதிக் காலனிக்குத் திரும்பியிருக்கிறான். தெருவில் எவளோ ஒரு பெண் வேலைக்குப் போகிறாள். செருப்பின் வார் அறுகிறது. குனிந்து பார்க்கிறாள், சிரித்துக்கொள்கிறாள், காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். படத்தின் ஆரம்பத்தில் நீதாவின் செருப்பு இப்படித்தான் அறுந்தது. சங்கர் முகத்தை மூடிக்கொள்கிறான்.

பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் சாயல் தெரியும். அங்கே நாயகி கவிதாவே மறுபடி பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள். கட்டக் நாயகியைக் கொன்றுவிட்டு, பெயர்கூடத் தெரியாத இன்னொருத்தியிடம் கதையை ஒப்படைக்கிறார். எனக்கு இந்த முடிவுதான் பெரிது. ஒரு குடும்பத்தின் கண்ணீர்க் கதையாக இருந்தது, இந்தச் செருப்பால் ஒரு காலனியின் கதையாக, பிரிவினை துரத்திவிட்ட அத்தனை குடும்பங்களின் கதையாக விரிந்துவிடுகிறது.

இன்னொரு சேதி. சங்கருக்குப் பின்னணி பாடிய ஏ.டி. கானன் சென்னையில் பிறந்தவர். அவர் இந்தப் படத்தில் பாடுவது ஹம்சத்வனி. நம் காதுக்குப் பழகிய ராகம் வங்காளத்து அகதிக் காலனியில் கேட்கும்போது தனிச் சுகம்.

படத்தைக் கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் மட்டும் பார்த்துவிடாதீர்கள். சாட்டை, உமா பாட்டு, மலை எதிரொலி என்று பாதிப் படம் காதுக்காக எடுக்கப்பட்டது. நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நடுவில் அலுத்தாலும் செருப்பு அறுகிறவரை உட்கார்ந்திருங்கள்.