விரிசல் விடும்போது மிஸ் இல்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் மகளை 'ஏர் டிரை க்ளே' பயிலரங்குக்கு அழைத்துப் போயிருந்தேன். ரெண்டு மணி நேரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வெள்ளைக் களிமண் ஒரு கட்டி, ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். பாட்டிலைச் சுற்றி மண்ணை அப்பி யானை செய்யணும். சொல்லிக்கொடுத்த மிஸ் பொறுமைசாலி. ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் உட்கார்ந்து கை பிடித்துக் காட்டினார். கடைசியில் ஈர யானைகளோடு குரூப் போட்டோ. "வீட்டுல ஃபேனுக்குக் கீழ வைங்க, நாளைக்கே பெயின்ட் அடிச்சிடலாம்" என்று அனுப்பிவைத்தார்.

மூன்றாம் நாள் தும்பிக்கை கையோடு வந்துவிட்டது. முதுகில் நெடுக விரிசல். "நான்தான் சரியா செய்யலப்பா" என்றாள். எனக்கு அதுதான் உறுத்தியது. அவள் செய்ததில் தப்பில்லை. பயிலரங்கை அமைத்த விதத்தில்தான் தப்பு.

சூளை இல்லாமல் இந்த மண் இறுகுவதற்குக் காரணம், அதிலிருக்கும் தண்ணீர் வெளியேறுவதுதான். தண்ணீர் போகப் போகத் துகள்கள் நெருங்கும், மொத்தமும் சுருங்கும். மெல்லிய காது முதலில் காயும், தடித்த கால் ரொம்பப் பிறகு. ஒரு பகுதி சுருங்கி முடிக்கும்போது பக்கத்துப் பகுதி அப்போதுதான் ஆரம்பிக்கும். அந்த இழுபறியில் விழுவதுதான் விரிசல். உள்ளே பாட்டில் வேறு. கண்ணாடி சுருங்காது, மேலே இருக்கும் மண் சுருங்கும். வெடிக்காமல் என்ன செய்யும்? ஃபேன் காற்று மேற்பரப்பை மட்டும் அவசரமாகக் காயவைத்து நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. நம்மூர்க் குயவர்கள் பச்சைப் பானையை நிழலில் மெதுவாக உலர்த்துவது சும்மா இல்லை.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். காய்ந்த மண்ணும் ஈர மண்ணுமே சரியாக ஒட்டாது. தும்பிக்கை கடைசியில், உடம்பு லேசாகக் காய்ந்த பிறகு, வெறுமனே அழுத்தி வைக்கப்பட்டது. ரெண்டு பக்கமும் கீறி, அதே மண்ணைத் தண்ணீரில் குழைத்துத் தடவி ஒட்டியிருக்கணும். இதைச் சொல்ல ரெண்டு நிமிடம் போதும்.

ஏன் சொல்வதில்லை? அந்த ரெண்டு மணி நேரத்துக்குள் எந்த யானையும் உடைவதில்லை, அதனால்தான். எங்கள் தொழிலிலும் இது உண்டு: டெமோவில் எல்லாம் ஓடும், பிரச்சினை வாடிக்கையாளர் வீட்டில்தான் வெடிக்கும். ஆனால் எங்களுக்குப் புகார் திரும்பி வரும். இங்கே அதுவும் வருவதில்லை. மிஸ் கடைசியாகப் பார்த்தது முழு யானையை. அடுத்த சனிக்கிழமையும் அதையேதான் சொல்லிக்கொடுப்பார்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்னொரு நாள் என்றால் இன்னொரு ஹால் வாடகை. பெற்றோருக்கும் அன்றைக்கே போட்டோ வேணும், என்னையும் சேர்த்துத்தான். ஆனாலும் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு மணி நேரம், உடைந்ததை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி ஒரு வகுப்பு வைக்கலாம். காயவைப்பதும் கைவேலையில் பாதி என்று பிள்ளைகளுக்குப் புரியும். அது முடியாதென்றால் பாட்டிலை விட்டுவிட்டு, ஒரே தடிமனில் ஒரு சின்ன இலை செய்யச் சொல்லலாம். போட்டோவில் யானை அளவுக்கு எடுபடாது. வீட்டுக்குப் போய் முழுசாகக் காயும்.

நாங்கள் விரிசலில் குழைத்த மண்ணை அப்பி, புதுத் தும்பிக்கை ஒன்றைக் கீறி ஒட்டினோம். மேலே துணி போட்டு, தினமும் சமையலறைத் தராசில் எடை பார்க்கிறோம். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று கணக்கு. தும்பிக்கை முன்னைவிடக் குட்டை, ஒட்டிய கோடும் தெரிகிறது. நேற்று "பெயின்ட் அடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"இன்னும் எடை குறையுதுப்பா, இரு" என்றாள்.