நவாபின் வாள்

உருவப்படம் தீட்டுகிறவனுக்கும் நாவல் எழுதுகிறவனுக்கும் வேலை ஒன்றுதான்: ஒரு மனிதனை நிற்க வைத்து, அவன் யார் என்று சொல்ல வேண்டும். ஆனால் நாவலாசிரியனுக்குக் கதாபாத்திரம் பணம் கொடுப்பதில்லை. சித்திரக்காரனுக்கோ பெரும்பாலும் எதிரே நிற்கிறவர்தான் எஜமானர். சங்கடம் அங்கேதான் ஆரம்பம்.

ஜார்ஜ் வில்லிசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1774-இல் சென்னைக்கு வந்து, ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவைத் தைல வர்ணத்தில் தீட்டினார். அந்தப் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அச்சுப் பிரதியில் பார்த்தாலே பிரமிப்பு உண்டாகிறது. வெள்ளை மஸ்லின் அங்கி, முத்துச் சரங்கள், வாள்! துணியின் மென்மையை இவ்வளவு நயமாக எழுதிய கையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆயினும் எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மனிதனுக்கு அந்த வாள் உறுத்துகிறது. 1751-இல் வாலிகண்டபுரத்தில், நவாபின் கட்சியில் நின்ற கும்பினிப் படை, சந்தா சாகிபையும் பிரெஞ்சுக்காரர்களையும் கண்டு மிரண்டு திருச்சிக்குப் பின்வாங்கியது. 1765-இல் அரியலூரும் உடையார்பாளையமும் நவாபின் கைக்குப் போயின. அதே வருஷந்தான் டில்லிப் பாதுஷா அவருக்கு வாலாஜா பட்டம் அளித்தார். பட்டம் அவருடையது, சண்டை போட்டதென்னவோ பெரும்பாலும் கும்பினிதான். அந்தச் சண்டைச் செலவுக்குக் கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே வட்டிக்கு வாங்கினார். ஜில்லாக்களின் வரி வசூலை ஈடாக எழுதிக் கொடுத்தார். அந்தக் கடன் விவகாரத்தை 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கிழித்துக் காட்டினார்.

அப்படியானால் வில்லிசன் பொய்யா எழுதினார்? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அதிகாரம் நழுவிக்கொண்டிருந்தபோது நவாப் தம் படங்களை ஆங்கிலேயருக்கு வெகுமதியாகக் கொடுத்தார். 'நானும் ஓர் அரசன்' என்று சொல்ல அவருக்கு மிஞ்சியிருந்த பாஷை அது. அந்த ஆசையைச் சித்திரக்காரர் உண்மையாகவே எழுதியிருக்கிறார்.

எழுதாமல் விட்டதுதான் குறை. கம்பும் சோளமும் விளைவித்து வரி கட்டிய குடியானவனின் நிழல்கூட அந்தச் சட்டத்துக்குள் விழவில்லை. நவாப் 1795-இல் காலமானார். 1801-இல் கர்நாடக ராஜ்யமும் கும்பினியிடம் போயிற்று. முத்து மட்டும் இன்னும் மின்னுகிறது. சித்திரத்தை ரசிப்போம், ஆனால் முத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே ரசிப்போம்.