குறிப்புப் பேச்சின் தகுதியும் எல்லையும்

சொல் நேராகத் தரும் பொருளைக் கடந்து, இடமும் சூழலும் நோக்கிக் கேட்பவர் உய்த்துணர வேண்டிய பொருளைக் குறிப்புப் பொருள் என்பர். தமிழ் இலக்கணம் இதனைக் குற்றமாகக் கருதவில்லை. அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைக்கும் இடக்கரடக்கலையும், செத்தாரைத் துஞ்சினார் எனும் மங்கலத்தையும், ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறியையும் நன்னூல் தகுதி வழக்கு என்றே ஏற்கிறது.

இவ்வழக்கின் வலிமை உறவைக் காப்பதில் உள்ளது. கோவைப் பகுதிச் சிற்றூர்த் தமிழையும் சான்றாகக் கொண்டு நயப்பேச்சை ஆராய்ந்த பெனலப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும், பிறர் தன்மதிப்புக்கு ஊறு நேரும் என்று அஞ்சுமிடத்தில் மக்கள் சுற்றிவளைத்துப் பேசுவதை விரிவாக விளக்கினர். கடன் கேட்டு வந்தவரிடம் 'அறுவடை முடியட்டும், பார்க்கலாம்' என்பவர், மறுப்பையும் மரியாதையையும் ஒருசேரத் தருகிறார். ஆனால் வந்தவர் அதனை வாக்குறுதியாகக் கொண்டு காத்திருந்தால், 'சொன்னீர்களே' என்பதற்கும் 'அப்படிச் சொல்லவில்லையே' என்பதற்கும் இடையே உறவே முறிகிறது. சொன்னவர் எளிதில் நழுவிக்கொள்ள, இழப்பு முழுவதும் கேட்டவரைச் சேர்வதே இவ்வழக்கின் பெருங்குறை.

உயிர் சார்ந்த இடங்களில் இக்குறை கொடியதாகிறது. 1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற அவியாங்கா 52 விமானம், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 73 பேர் இறந்தனர். முதல் தரையிறக்கம் தவறியபின், அவசரநிலை என்று அறிவிக்கும்படி விமானி கூறியும், துணை விமானி தரையிலிருந்த வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் எரிபொருள் தீர்ந்துவருவதாக மட்டுமே தெரிவித்தார். ஆபத்தை உணர்த்த அதுவே போதும் என அவர் எண்ணியிருக்கலாம், ஆனால் விதிப்படி முன்னுரிமை பெற்றுத்தரும் 'அவசரநிலை' என்னும் சொல் கடைசிவரை கட்டுப்பாட்டாளரை எட்டவே இல்லை. இன்று பன்னாட்டு வான்பயண நடைமுறையில் எரிபொருள் நெருக்கடியை அறிவிக்கத் திட்டவட்டமான தொடர்கள் உள்ளன.

மருத்துவமனைகளிலும் இத்தகைய தெளிவு தேவை. இனிச் சிகிச்சையால் பயனில்லை என்பதைக் குறிப்பாக உணர்த்த மருத்துவர் சொல்லும் 'வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்' என்பதைக் குடும்பத்தார் நோய் தணிந்ததாகவே புரிந்துகொள்ளக் கூடும். அங்கே மங்கல வழக்கு இரக்கம் போலத் தோன்றினாலும், பிரியும் உயிரோடு பேசக் கிடைத்த இறுதி நாட்களை அது பறித்துவிடுகிறது. விருந்திலும் விடைபெறுதலிலும் குறிப்பு தாராளமாக வாழட்டும். உயிர், பொருள், சம்மதம் ஆகியவை பற்றிய பேச்சில், அறிந்தவரும் அதிகாரம் உடையவருமே முதலில் வெளிப்படையாகப் பேசக் கடமைப்பட்டவர்கள்.