பேயும் நகையும்: ஒரு திரைக்கதையின் பாடபேதங்கள்

ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் துணிதல் தமிழறிஞர் கைவந்த கலை. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த சுவடிகளைப் பக்கத்திற் பக்கமாக வைத்து, எது ஆசிரியர் வாக்கு, எது ஏடெழுதுவோர் பிழை, எது பிற்காலத்தார் இடைச்செருகல் என்று கண்டு கூறினர். அவ்வாராய்ச்சி நூலுக்கு மட்டுமே உரியதன்று. ஒரே கதை பல மொழிகளிலும், ஒரே படம் பல வடிவங்களிலும் வழங்கும் இக்காலத்தில், திரைப்படத்துக்கும் அது வேண்டப்படுவதாயிற்று. திரையரங்கில் ஒரு முறை கண்டு மறந்த காலம் போய், வீடியோ கசெட்டாகவும் ஒளித்தட்டாகவும் இணைய வழியாகவும் படம் வீட்டினுள் வந்து தங்கியபின், பார்வையாளன் கையில் இருப்பது எந்தப் பிரதி என்னும் வினா எழுதல் இயல்பேயாம்.

மேனாட்டில் இதற்கு நல்ல சான்றொன்றுண்டு. சாம் ரெய்மி இயக்கிய ‘ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்’ என்னும் அச்சமும் நகைப்பும் கலந்த படம் 1993இல் அமெரிக்க அரங்குகளில் 81 நிமிட அளவினதாக ஓடியது. இயக்குநர் வகுத்த பிரதியோ 96 நிமிடம் கொண்டது. முன்னதில் வீரன் தன் காலத்துக்கு மீண்டு, கடைச் சிப்பந்தியாக இருந்தவாறே பேயை வெல்கின்றான். பின்னதில் மருந்தை அளவுக்கு மிஞ்சி அருந்தி, உலகம் அழிந்தபின் கண்விழித்து அலறுகின்றான். முடிவொன்று மாறவே வீரகாவியம் அங்கதமாகிவிடுகின்றது. வீட்டுப் பிரதிகள் பல வெளிவந்தமையாலேதான் இவ்வேறுபாடு பலருக்கும் தெரியவந்தது. பிரதி வேறுபாடு சுவை வேறுபாடாதலை இது காட்டும்.

தமிழ் மக்களுக்கு இதனினும் அணுக்கமான சான்று, 1993 டிசம்பரில் பாசில் இயக்கத்தில் மலையாளத்தில் வெளிவந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ என்னும் படமும் அதன் வழிவந்த படங்களுமாம். மது முட்டம் எழுதிய அக்கதை, பி. வாசுவின் இயக்கத்தில் 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ எனவும், 2005 ஏப்ரல் 14ஆம் நாள் தமிழில் ‘சந்திரமுகி’ எனவும், பிரியதர்சன் இயக்கத்தில் 2007இல் இந்தியில் ‘பூல் புலையா’ எனவும் உருப்பெற்றது. இவற்றுள் மலையாளமும் தமிழுமே ஈண்டுப் பெரிதும் ஒப்புநோக்கப்படுகின்றன.

அச்சமும் நகையும் ஒன்றுக்கொன்று பகை என்பார் உளர். தமிழ் மரபு அவ்வாறு கொள்ளவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் இரண்டையும் ஒரு வரிசையில் வைத்தார். சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைத்துண்ணும் பகுதி, குருதியும் நிணமும் நடுவே நகைப்பை விளைவிப்பது. தென்னிலங்கைச் சிங்கள மக்களின் சன்னி யக்கும என்னும் சடங்கிலும், நோய்க்குக் காரணமெனக் கருதப்படும் பதினெட்டுச் சன்னிப் பேய்களும் முகமூடியணிந்து வந்து, பறையடிப்போனுடன் வாதாடி, அவனது கேலிக்கு ஆளாகி நீங்குகின்றன. அஞ்சியிருந்த நோயாளி சிரிக்கத் தொடங்குமிடத்தே நோயின் பிடி தளர்கின்றது என்பது அச்சடங்கின் உட்பொருள். ஆகவே, பேய்க்கதையில் நகைச்சுவை புகுதல் குற்றமன்று. அது எவ்விடத்துப் புகுகின்றது, யாருக்குப் பணிசெய்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

கதை வருமாறு: நகுலனும் அவன் மனைவி கங்கையும் மாடம்பள்ளி என்னும் பழைய மாளிகையில் வாழ வருகின்றனர். தஞ்சையிலிருந்து கொணரப்பட்ட நாகவல்லி என்னும் ஆடல்மகளை, அவள் காதலன் இராமநாதன் பொருட்டுச் சினந்து கொன்ற சங்கரன் தம்பியின் கதை அம்மாளிகையில் வழங்குகின்றது. பூட்டிய அறையைக் கங்கை திறப்பிக்கின்றாள். பின்னர் நிகழும் கேடுகளுக்குப் பேயே காரணமென வீட்டார் நடுங்க, நகுலனின் நண்பனும் உளமருத்துவனுமாகிய சன்னி, நோயுற்றவள் கங்கையே எனத் தெளிகின்றான். பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் பழங்கதை கேட்டு வளர்ந்து, பின் திடீரெனப் பிரித்தெடுக்கப்பட்ட சிறுமியின் உள்ளத்துக் காயம், கொல்லப்பட்ட ஆடல்மகளின் துயரத்தைத் தனதாக்கிக் கொண்டதென்பது அவன் முடிவு. கங்கையாகவும் நாகவல்லியாகவும் தோன்றிய சோபனா அதன் பொருட்டுத் தேசிய விருது பெற்றார்.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கொண்டார். இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு நோக்கின், இரு படங்களின் வேறுபாடு தெற்றென விளங்கும். மலையாளப் படத்தில் அச்சத்தின் நிலைக்களன் அணங்கு ஒன்றே. அவ்வணங்கும் வெளியே இல்லை, கங்கையின் உள்ளத்தே உள்ளது. சந்திரமுகியிலோ விலங்கும் இறையும் உடன்சேர்க்கப்பட்டன. மாளிகையில் பெரும் பாம்பொன்று தோன்றுகின்றது. சங்கரன் தம்பியினிடத்தில் வேட்டையன் என்னும் அரசன் வருகின்றான். கதாநாயகராகிய ரஜினிகாந்தே அவ்வரசன் வேடத்தையும் புனைந்து, கொடுமையையே கண்டார் களிக்கும் ஒரு காட்சியாக்கிவிடுகின்றார்.

வேட்டையனைச் சேர்த்தமை புத்துருவாக்கம் எனலாம். நடிகருக்கும் அரங்குக்கும் ஏற்பக் கதையை வளர்த்தல் கூத்து மரபில் என்றுமுள்ளது. பாம்போ அங்ஙனமன்று. அது இடைச்செருகல். உளமருத்துவம் கூறும் காரணத்தால் விளக்கப்படாது, கதையின் முடிவோடும் ஒட்டாது, ‘உண்மையிலேயே ஏதோ உண்டு’ என்னும் ஐயத்தை மட்டும் விட்டுச் செல்கின்றது. பேய் இல்லை என்று நிறுவ வந்த கதையில் இவ்வையம் சிறு பிழையன்று.

நகைச்சுவையின் அமைப்பும் மாறியது. மலையாளப் படத்தில் நகை ஒரு குடும்பத்தின் நகை. இன்னசென்ட், பப்பு, கே. பி. ஏ. சி. லலிதா முதலியோர் ஏற்ற பாத்திரங்கள் அஞ்சுவதும் நகைக்கச் செய்வதும் ஒரே பேதைமையால். அப்பேதைமையே நோயை நோயென்று காண மறுக்கும் குருட்டுத்தன்மையும் ஆகின்றது. ஆகவே, சிரித்துக்கொண்டிருந்த பார்வையாளன் பின்னர்த் தன் சிரிப்பையே எண்ணி நாணுகின்றான். தமிழ்ப் படத்தில் நகை பெரும்பாலும் வடிவேலு ஒருவர் மேற்சென்றது. அச்சத்தை உடலால் நடித்துக் காட்டுவதில் அவர் பெற்ற வெற்றி மறுக்கத்தக்கதன்று. தனித்தனியே எடுத்துக் காணினும் அக்காட்சிகள் சுவை குன்றா. ஆனால் தனியே எடுத்துக் காணக்கூடியதாயிருப்பதே அவற்றின் குறையுமாகும். கதையின் நோய்க்கும் அந்நகைக்கும் இடையே தொடர்பு மெலிந்துவிட்டது. அன்றியும், மலையாளத்தில் மருத்துவன் கதை நன்கு ஊன்றியபின் தாமதித்தே புகுகின்றான். தமிழில் அவன் தொடக்கத்திலேயே சண்டையோடும் பாடலோடும் வருகின்றான். முன்னதில் வீடு முதன்மை. பின்னதில் வீரன் முதன்மை.

யாவற்றினும் கருதத்தக்கது பேயின் மொழி. மலையாளப் படத்தில் நாகவல்லி பேசுவது தமிழ். அவள் பாடும் தமிழ் வரிகளை எழுதியவர் கவிஞர் வாலி. அவளுக்குக் குரல் கொடுத்தவர் துர்க்கா என்னும் தமிழ்க் கலைஞர் என்பதைப் பாசில் வெளிப்படுத்தியது 2016இலேயே. கன்னடத்திலும் தமிழிலும் அவள் தெலுங்கு பேசுகின்றாள். இந்தியில் வங்காளம் பேசுகின்றாள். அஃதாவது, ஒவ்வொரு நாட்டாரும் தம் அச்சத்துக்கு அயலார் மொழியையே கொடுத்தனர். எங்கிருந்தோ கொணரப்பட்டு, பிறர் ஆணைக்கு ஆடி, திரும்பிச் செல்லும் உரிமையின்றி மாண்டவள் பேசும் மொழி அந்நாட்டார்க்கு விளங்காத மொழியாகவே இருக்கின்றது. தமிழ்நாட்டார் சந்திரமுகியைக் காணும்போது அவ்வயன்மை தெலுங்கின் மேற்செல்லும். மலையாளப் படத்தைக் காணும் தமிழருக்கோ நிகழ்வது வேறு. எல்லாரும் அஞ்சும் அக்குரல் ஒன்றே அவர்களுக்குத் தாய்மொழியாக விளங்குகின்றது.

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. கடல் கடந்து கொணரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பிறந்த மண்ணிலேயே அயலாராக்கப்பட்டனர். நாகவல்லியின் தமிழைக் கேட்டு மாளிகையார் நடுங்கும் காட்சியில், அங்குள்ள தமிழ்ப் பார்வையாளன் மாளிகையார் பக்கம் நிற்றல் அரிது. தன் மொழியில் நீதி கேட்பவளின் பக்கமே அவன் நிற்பான். மூலப்படத்தின் இவ்வாற்றல் தமிழ் வடிவத்தில் இல்லை, இருத்தலும் இயலாது.

இனி, வீட்டுக்கு வந்த பிரதிகளின் இயல்பை நோக்குவோம். வீடியோ கசெட்டுக்குப் பின் பரவிய வி.சி.டி. என்னும் ஒளித்தட்டு, ஒரு தட்டில் ஏறத்தாழ 74 முதல் 80 நிமிடம் வரையே கொள்வது. படப்புள்ளிகளின் அளவு 352க்கு 288. மணிச்சித்ரத்தாழ் ஏறத்தாழ 169 நிமிடம் கொண்டதாகலின், அதனை முழுமையாக அடக்க மூன்று தட்டுகள் வேண்டும். இயக்குநர் இடைவேளை வைத்தது ஓரிடம். தட்டு மாற்ற எழவேண்டியது வேறிடம். அச்சம் மெல்லமெல்ல ஏறிவரும் கதைக்கு இம்முறிவு ஊறு செய்யும். குறைந்த தரத்தில் சுருக்கிப் பதிக்கப்படும்போது முதலிற் கெடுவது இருட்காட்சி. கருமையின் நுண்ணிய படிகள் சதுரம் சதுரமாகத் திரண்டு போகின்றன. பூட்டிய அறையின் இருளே பொருளாக அமைந்த படத்தில் இருள் கெடின் எஞ்சுவது கூச்சல் மட்டுமே.

டி.வி.டி. இக்குறைகளுட் பலவற்றை நீக்கிற்று. 720க்கு 576 என்னும் தெளிவும், முழுப்படத்தையும் ஒரு தட்டில் அடக்கும் வசதியும், எழுத்துரையும் அதனால் வந்தன. ஆயினும் எழுத்துரை புதிய பாடபேதமொன்றை விளைவித்தது. மலையாளமும் தமிழும் ஒருங்கே ஆங்கிலமாக்கப்படின், கங்கை எவ்விடத்து நாகவல்லியாகின்றாள் என்பதைக் காட்டும் மொழி மாற்றம் எழுத்தில் மறைந்துவிடுகின்றது. செவியில் இரண்டாக ஒலிப்பது கண்ணில் ஒன்றாகத் தோன்றும். தொலைக்காட்சியில் விளம்பரம் இடையிட்டு வருவதும், நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் பிரித்தெடுத்து ஒளிபரப்புவதும் இன்னொரு வகைப் பிரதி. அவ்வாறு காண்போன் வடிவேலுவின் நடுக்கத்தை அறிவான். கங்கையின் நோயை அறியான். 2024 ஆகஸ்ட் 17ஆம் நாள் மணிச்சித்ரத்தாழ் 4கே தரத்தில் செப்பனிடப்பட்டு மீண்டும் அரங்குக்கு வந்தது. சுவடியைத் துடைத்து எழுத்தைத் தெளிவித்த பதிப்பாசிரியர் பணியோடு இதனை ஒப்பிடல் தகும்.

பிரதி வேறுபாட்டை இத்துணை நுணுகிக் காண்பதன் பயன் யாதெனின், அது கலையோடு நில்லாமையே. தோட்டத்து லயன்களில் ஒருத்தி திடீரெனத் தன்னை மறந்து பேசின், கோடாங்கியை அழைத்து உடுக்கடித்துப் பேயோட்டுதல் இன்றும் அற்றுப்போன வழக்கமன்று. மருத்துவரிடம் செல்ல வேண்டியவள் சாட்டையடிக்கும் சாம்பிராணிப் புகைக்கும் ஆளாகின்றாள். மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்ற தாயரைப் பிரிந்து, பாட்டிமாரிடம் வளரும் பிள்ளைகளும் தோட்டங்களில் உளர். கங்கையின் இளமைக்கதை அவர்களுக்குப் பிறர் கதையன்று. அத்தகைய பிள்ளைக்கு ‘இது பேயன்று, ஆறாத துயரம், ஆற்றினால் ஆறும்’ என்று கூறும் பிரதி கிடைப்பதும், ‘ஏதோ உண்டு’ என்று ஐயுறுத்தும் பிரதி கிடைப்பதும் ஒன்றாகா.

பின்வந்த வரலாறு இக்கவலைக்குச் சான்று பகர்கின்றது. 2022இல் வந்த ‘பூல் புலையா 2’, 2023இல் வந்த ‘சந்திரமுகி 2’ ஆகியவற்றில் பேய் உண்மையாகவே பேயாயிற்று, மருத்துவன் விடைபெற்றான். 2007இன் ‘முனி’, 2011இன் ‘காஞ்சனா’, 2014இன் ‘அரண்மனை’ முதலாகத் தமிழில் பெருகிய அச்சநகைப் படங்களும் அவ்வழியே சென்றன. அவற்றுள் காஞ்சனா, சமூகம் ஒதுக்கிய திருநங்கையின் துயரைப் பேயின் வாயாற் பேசுவித்தமை பாராட்டத்தக்கது. எனினும் ஆவியை மெய்யென்று கொண்டபின், நோயுற்றவளுக்கு அங்கே இடமில்லை.

மூலப்படம் மரபை இகழ்ந்து மருத்துவத்தை உயர்த்தியதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். திலகன் ஏற்ற மந்திரவாதியும் மருத்துவனும் ஒருவரையொருவர் மதித்தே செயற்படுகின்றனர். இறுதியில் சங்கரன் தம்பிக்கு ஈடாக ஒரு பாவையை நாகவல்லியின் வாளுக்கு இரையாக்கி அவள் சினத்தைத் தணிப்பது, சடங்கின் வடிவில் நிகழ்த்தப்படும் மருத்துவமேயாம். சந்திரமுகியும் பாவையைக் கைவிடவில்லை. சிதைந்த ஏட்டிலும் மூலத்தின் உயிர்வரி எஞ்சி நிற்பதுபோல, அம்முடிவு அங்கும் எஞ்சியுள்ளது. அதனால் தமிழ் வடிவத்தை முற்றும் தள்ளுதல் நீதியன்று. மொழி விளங்காதோரும் அதனை வாயிலாகக் கொண்டு மூலத்துக்குச் செல்லலாம்.

ஆயினும் ஒன்றைத் தேர்ந்து மாணவர் முன் வைக்க வேண்டின், இருளும் இருமொழியும் கெடாத மலையாளப் பிரதியே வைக்கத்தக்கது. தமிழ் வடிவத்தை அதன் பக்கத்தே வைத்து, பாம்பு எங்கிருந்து வந்தது என்று வினவச் செய்தல் நன்று. அவ்வினாவுக்கு விடை காணும் மாணவன் இடைச்செருகலை இனங்காணக் கற்றவனாவான். அயல்வீட்டில் ஒருத்தி தன்னை மறந்து அலறும் நாளில், கோடாங்கிக்கு முன் மருத்துவரை நினைப்பவனும் ஆவான்.