செம்மலையின் இரு அறிவிப்புகள்

2002இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘மாரோவிண்ட்’ கணினி விளையாட்டின் உலகில் விவெக், அல்மலெக்ஸியா, சோத்தா சில் ஆகிய மூவர் தெய்வங்களாக வணங்கப்படுகின்றனர். பிறப்பால் அவர்கள் இறப்புக்குரியோரே. அவர்தம் ஆற்றல் லோர்கான் என்னும் பழந்தெய்வத்தின் இதயத்திலிருந்து கவர்ந்தது.

அம்மூவரின் தலைவன் நெரவார் செம்மலைப் போர்க் காயங்களால் மாண்டான் என்பது கோயில் வரலாறு. மூவருமே அவனைக் கொன்றனர் என்பது நாடோடிக் குலங்களின் வாய்மொழி. எது உண்மை என்று விளையாட்டு தீர்ப்பளிப்பதில்லை. சொல்பவர் யார், அதனால் அவர் அடையும் ஆதாயம் யாது என்பதை ஆடுபவரே ஆராய வேண்டும். ஹதீஸ் கலை பயின்றோருக்கு இது பழகிய பணி.

குறை ஒன்றுண்டு. நாடோடிகள் நெரவாரின் கேடயத் தோழன் அலாண்ட்ரோ சுல்லை முதல் அறிவிப்பாளனாகக் காட்டுவர். அவனுக்கும் அவர்களுக்கும் இடைப்பட்டோர் பெயர் இல்லை. தொடர் அறுந்த அறிவிப்பு ஐயத்தை எழுப்பும், தீர்ப்புக்குப் போதாது.