நகரத்தை அடுக்குகிறவர்கள்

ஒரே சட்டத்தில் பல காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் மல்டிபிள் எக்ஸ்போஷர் நகரப் படங்களுக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது. பக்கவாட்டு முகத்துக்குள் கோபுரக் கட்டடங்கள், கூட்டத்தின் மேல் விளக்குகள், சாலை மேல் சாலை. இவற்றுக்காக வாதாடுகிறவர்கள் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: நகரமே அடுக்கடுக்கானது, ஒற்றைக் கணத்தின் படம் அதற்குப் போதாது.

இதில் உழைப்பு இருந்ததை மறுக்கவில்லை. ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைக்க வேண்டும். நான்கு என்றால் இரண்டு ஸ்டாப். முதல் படத்தின் இருட்டில்தான் அடுத்தது நன்றாகப் பதியும். 1940களிலேயே இதில் இறங்கிய ஹாரி கேலஹன், மனைவி எலினோரின் உடலையும் புல்வெளியையும் இணைத்த படங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அங்கே இருப்பவை இரண்டே பொருள்கள். அதுவும் வயல்வெளி.

நகரம் வேறு. அங்கே எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதே செய்தி. யார் வாசலில் யார் நிற்கிறார், எந்த ஜன்னல் எதைப் பார்த்திருக்கிறது என்பதையெல்லாம் இந்த உத்தி முதல் வேலையாக அழித்துவிடுகிறது. யூஜின் அட்ஜே 1925இல் பாரிஸின் கோபெலன் அவென்யூவில் எடுத்த துணிக்கடைப் படத்தைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னே உடுப்பு மாட்டிய பொம்மைகள்; அதே கண்ணாடியில் எதிர்ப்புறக் கட்டடமும் மரமும். எக்ஸ்போஷர் ஒன்றுதான், அடுக்குகள் இரண்டு. அந்தக் கட்டடம் உண்மையிலேயே எதிரில் நின்றது. லீ ஃப்ரீட்லாண்டரும் 1960களில் கடைக் கண்ணாடிகளில் தன் பிம்பத்தையே பிடித்தார். அடுக்கியது நகரம், எங்கே நிற்பது என்பதைக் கண்டுபிடித்தது மட்டுமே இவர்கள் வேலை.

வங்கிக் கட்டடத்தின் மேல் பிச்சைக்காரரை ஒட்டும் படத்தில் அந்த முரண் யாருடையது? நகரம் அப்படிச் சொல்லவில்லை. அவர் வேறொரு தெருவில், வேறொரு நேரத்தில் உட்கார்ந்திருந்தவர். படக்காரர் தன் கருத்தைத் தெருவின் வாயில் திணித்திருக்கிறார்.

2012இல் வந்த கேனான் 5டி மார்க் 3 கேமரா ஒன்பது படங்கள் வரை தானே சேர்த்துத் தரும். சராசரி முறையில் வைத்தால் ஸ்டாப் கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய கணக்கும் போயிற்று. ஒன்பதைக் குவித்தால் ஏதோ ஒன்று ‘தற்செயலாக’ அமையத்தான் செய்யும். தோற்கவே முடியாத ஆட்டத்துக்கு எதற்குப் பரிசு? டோக்கியோ என்கிறார்கள், சிகாகோ என்கிறார்கள். இரண்டும் ஒரே மூட்டமாகத்தான் தெரிகின்றன.

கண்காட்சிக்குப் படம் தேர்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்தின் கீழும் தெருவின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவற்றைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.