ஓதியதும் படித்ததும்

எழுத்தாளர் ஒருவர் தம் வாசிப்பு வரலாற்றைச் சொல்ல முற்படும்போது பெரும்பாலும் ஒரு நூற்பட்டியலையே நம் முன் வைக்கிறார். அம்புலிமாமா, வார இதழ்த் தொடர்கதைகள், ஊர் நூலகம், ருஷ்ய மொழிபெயர்ப்புகள் என அது நீளும். தமிழ் முஸ்லிம்களாகிய நாமும் அதே அச்சில் நம் கதையை வார்க்கும்போது முதல் அத்தியாயம் விடுபட்டுப் போகிறது.

நம் இல்லங்களில் ‘ஓதுதல்’ வேறு, ‘படித்தல்’ வேறு. விக்கிரவாண்டியில் வளர்ந்த நமக்கும் அலிஃபுக்குப் பின்னரே அகரம். பொருள் விளங்குமுன் ஓசையையும் நீட்டலையும் நிறுத்தத்தையும் கற்றுத் தந்தது அந்த முதற் பயிற்சி. ஒரு வாக்கியம் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்ற உணர்வைப் பின்னாளில் உரைநடை எழுதுகையில் அங்கிருந்தே பெற்றோம்.

ஓதுதலுக்கும் படித்தலுக்கும் இடையே பாலமாய் நின்றது அரபுத்தமிழ். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் குறிகள் சேர்த்து அமைத்த முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் மார்க்க நூல்கள் இயற்றினர். அவற்றைச் சரளமாக ஓதிய பெண்கள், தமிழ் எழுத்தை அறியாததால், ‘படிக்காதவர்’ எனப்பட்டனர். அவர்கள் ஓதியதோ தமிழ்!

இக்குறை நம் திறனாய்விலும் தொடர்கிறது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா? கடமையா?’ நாவலை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். அவரைப் பற்றி எழுதுவோர் பலர், மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே பயின்றவர் என்று வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். பாராட்டுப் போல் தோன்றும் இவ்வியப்பு, பள்ளியில் கழிந்த ஆண்டுகளை எண்ணுகிறது. வீட்டில் நிகழ்ந்த வாசிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. ‘சாய்வு நாற்காலி’க்காக 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் கல்வி கற்றவர். அவர் நாவல்களின் தமிழ் பாடநூல் தந்ததன்று. தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சைச் செவி சேமித்துத் தந்தது.

ஆயினும் ஓதும் மரபைப் போற்றுவதோடு நாம் அமைந்துவிடலாகாது. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை 2004-இல் தந்த துவரங்குறிச்சி சல்மா, பதின்வயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். பெண் பிள்ளைகளுக்கு ஓதக் கொடுத்த அதே சமூகம் அவர்களிற் பலருக்குப் படிப்பை மறுத்தது. ஓதியதை மறப்பது எவ்வளவு தவறோ, மறுத்ததை மறைப்பதும் அவ்வளவு தவறே.

அரபுத்தமிழ் ஓதத் தெரிந்தோர் அருகிவரும் காலம் இது. எந்த வயதில் எந்நூலைப் படித்தோம் என்பதோடு, யார் ஓத எதைக் கேட்டோம், நம் வீட்டில் யாருக்கு எது கிட்டாமற் போனது என்பவற்றையும் எழுதுவோமாக. அப்போதுதான் அது நம் வாசிப்பின் வரலாறாகும்.